பூசையில் கூப்பிய கை

மேரிசெல்வியைப் பற்றி எங்கள் ஊரில் ஒரு கதை உலாவுகிறது. வயல்காரர் கனகரத்தினத்தாரைக் கையெடுத்துக் கும்பிட்டு, மன்னிப்புக் கேட்டு, வீட்டுக் கடிதத்தில் கையெழுத்து வாங்கினாள் என்பது கதை. அந்தக் கதையை ஊருக்குள் அவிழ்த்துவிட்டதில் எனக்கும் பங்கு இருக்கிறது. ஆகவே அதைத் திருத்தி எழுத வேண்டியதும் நான்தான். நான் எங்கள் வேதக் கோயிலின் மூப்பர். பூசைக்கு மணி அடிப்பது, செத்த வீட்டுக்கு ஆட்களுக்குச் சொல்லி அனுப்புவது, பாதர் வராத ஞாயிறுகளில் செபம் சொல்லிக் கொடுப்பது எல்லாம் என் தலையில். பொய் சொல்லக்கூடாத வேலை. ஆனாலும் ஒருநாள் சொன்னேன்.

எங்கள் குடியேற்றம் வெள்ளாங்குளத்திலிருந்து கடல் பக்கமாக இரண்டு கட்டைத் தூரம். சைவக்காரர் முப்பது குடும்பம், கத்தோலிக்கரான வேதக்காரர் பதினெட்டுக் குடும்பம். மேரிசெல்வியின் தகப்பன் அழகையா எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலையகத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தகரப் பெட்டி, மனைவி செல்லாயி, ஆறு வயது மகள் ஆகிய மூன்றோடும் வந்து சேர்ந்தவர். தோட்டத்திலேயே வேதக்காரர்கள், அதனால்தான் பிள்ளையின் பெயருக்கு முன்னால் மேரி. வந்தவரைக் கனகரத்தினத்தாரின் தகப்பன் தன் வயலில் வேலைக்கு வைத்துக்கொண்டார். வயலோரத்தில் அரை ஏக்கர் மேட்டுக் காணியைக் காட்டி, "இதில கொட்டிலைப் போட்டுக்கொண்டு இரு, இனி இது உன்ர" என்றார். வாய்ச்சொல்தான். உறுதிப் பத்திரமும் இல்லை, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. முப்பது வருஷமாக அதை யாரும் கேட்கவும் இல்லை.

மேரிசெல்வி அந்தக் காணியிலேயே வளர்ந்தாள். எங்கள் கோயிலிலேயே ரவிசந்திரனைக் கலியாணம் கட்டினாள். அவன் மேசன். மன்னாரில் உப்புக்குளம் பக்கம் வேலைக்குப் போனால் இரண்டு கிழமைக்கு ஒருக்கால்தான் வீட்டுக்கு வருவான். வாய் திறக்காத மனுஷன். அவனுக்கும் சேர்த்து இவள் பேசுவாள். கச்சான் கடலை பிடுங்கப் போவாள், வயலில் களை எடுக்கப் போவாள், சனிக்கிழமை பின்னேரம் கோயிலைக் கூட்டித் துடைப்பாள். சாதாரண நேரத்தில் பேச்செல்லாம் எங்கள் பேச்சுத்தான். கோபம் வந்துவிட்டால் மட்டும் தாய் தகப்பனின் தோட்டத்துப் பேச்சு வெளியே வரும். "என்னா நெனச்சிட்டு இருக்கீங்க?" என்று அவள் தொடங்கினால் நாங்கள் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வோம். அகதி முகாமில் தண்ணீர் வரிசைக்கு நடுவில் புகுந்த ஒருவனுக்கு வெறும் வாளியால் தலையில் ஒன்று போட்டாள். அவனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு அடுத்த நாள் கஞ்சியும் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்தப் பழக்கமே அவளிடம் கிடையாது.

இனிச் சண்டையின் கதை. இரண்டாயிரத்து எட்டு ஆடி மாதம் செல் குண்டு கிட்டக் கிட்ட விழத் தொடங்கி, ஊர் ஒரே நாளில் கிளம்பியது. அழகையா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். செல்லாயிக்குக் கால் இரண்டும் வீங்கி நடக்க முடியாது. எங்கள் பக்கத்தில் ட்ரக்டர் வைத்திருந்தவர் கனகரத்தினத்தார் ஒருவர்தான். மேரிசெல்வி ஓடிப்போய் ட்ரக்டருக்கு முன்னால் நின்றாள்.

"ஐயா, அம்மாவை மட்டும் ஏத்துங்கோ. நாங்கள் நடந்து வாறம்."

ட்ரக்டரின் இழுவைப் பெட்டி நிறைய நெல் மூட்டை. அதற்கு மேலே மனைவி சிவலட்சுமியும் பதினேழு வயது மகன் துஷாந்தனும் இருந்தார்கள். கனகரத்தினத்தார் திரும்பி மூட்டைகளைப் பார்த்தார். "இடமில்லைப் பிள்ளை. நெல்லை இறக்கினா நாளைக்கு என்னத்தைத் தின்னுறது?" என்று சொல்லிவிட்டு ட்ரக்டரை எடுத்தார்.

நானும் பக்கத்தில்தான் நின்றேன். என் பாட்டுக்கு என் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தேன். யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

செல்லாயியைச் சைக்கிள் கரியரில் இருத்தி, மேரிசெல்வி பின்னால் பிடிக்க, ரவிசந்திரன் தள்ளினான். வெயில், புழுதி, இரண்டு நாள். ஜெயபுரத்துக்குக் கிட்ட ஒரு பாலை மரத்தடியில் செல்லாயி செத்துப்போனார். அங்கேயே குழி வெட்டினோம். பாதர் இல்லை, செபத்தை நான்தான் சொன்னேன். கொஞ்சத் தூரத்தில் கனகரத்தினத்தாரின் ட்ரக்டர் நின்றது. மேரிசெல்வி குழியடியிலிருந்து நேராக அங்கே போனாள். போய், குனிந்து மண்ணை அள்ளி அந்த ட்ரக்டரைப் பார்த்துத் தூற்றினாள்.

"எங்கம்மாவ நெல்லுக்கு வித்துட்டீங்கல்ல? ஒங்க வீட்டுலயும் ஒரு சாவு விழும். அப்பத் தெரியும்!"

அடுத்த சித்திரையில் மாத்தளன் கரையில் துஷாந்தன் செல் பட்டுச் செத்தான்.

அந்த வருஷம் யார் வீட்டில்தான் சாவு விழவில்லை? என் வீட்டில் இரண்டு. ஆனால் பெற்றவளிடம் போய் இந்த நியாயத்தைச் சொல்ல முடியுமா? மேரி தூற்றிய மண்தான் பிள்ளையைத் தின்றது என்று சிவலட்சுமி நம்பினார். இரண்டாயிரத்துப் பத்தில் எல்லோரும் ஊர் திரும்பிய பிறகும், மேரிசெல்வி ஒழுங்கையால் வந்தால் சிவலட்சுமி படலையைச் சாத்திவிட்டு உள்ளே போய்விடுவார். ஒரே ஒழுங்கையில் இரண்டு வீடு, பேச்சில்லை.

பிறகு இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் வீடிழந்தவர்களுக்கான வீட்டுத்திட்டம் வந்தது. இரண்டு அறை, குசினி, ஓட்டுக்கூரை. மேரிசெல்வி அப்போதும் தறப்பாளும் பழைய தகரமும் போட்ட கொட்டிலில்தான் இருந்தாள். மகள் டிலக்சனாவுக்குப் பன்னிரண்டு வயது. மாரி மழையில் பள்ளிக்கூடப் புத்தகங்களை உரப்பைக்குள் போட்டுக் கட்டி, அந்தப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுக்கிற பிள்ளை. வீட்டுக்குப் பெயர் பதிய வேண்டுமென்றால் காணிக்குப் பத்திரம் வேண்டும். பத்திரம் இல்லாதவர்களுக்கு, காணியைக் கொடுத்தவரோ அவருடைய பிள்ளையோ கிராம அலுவலரான விதானையார் முன்னால் ஒரு கடிதத்தில் கையெழுத்து வைத்தால் போதும். கடைசித் திகதி ஆவணி முப்பது.

விதானையார் போய்க் கேட்டார். கனகரத்தினத்தார் காணி தன்னுடையது என்று சொல்லவில்லை. அதில் அவர் நேர்மையான ஆள்தான். "அப்பு குடுத்தது உண்மை. ஆனா அவள் வந்து மன்னிப்புக் கேட்டு, அந்தப் பேச்சைத் திருப்பி எடுக்கட்டும். அடுத்த நிமிஷம் கையெழுத்து வைக்கிறன்" என்றார்.

இதை மேரிசெல்வியிடம் கொண்டுபோனது நான். சும்மா கொண்டுபோகவில்லை, வழியெல்லாம் நல்ல சொற்களாகத் தேடித் தேடி அடுக்கிக்கொண்டு போனேன். ஒன்றும் எடுபடவில்லை.

"நா ஏன் மன்னிப்பு கேக்கணும்? அந்தாளு மொதல்ல எங்கம்மாகிட்ட கேக்கட்டும்."

"கொம்மா செத்திட்டா, பிள்ளை."

"அப்ப நானும் கேக்க மாட்டேன்."

"ஒரு சொல்லுத்தானே? வீடு வருகுது. டிலக்சனாவை யோசிச்சுப் பார்."

"மூப்பரையா, ஒங்களுக்கு அது ஒரு சொல்லு. எனக்கு அது எங்கம்மா."

மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை தேத்தண்ணீர்கூடத் தரவில்லை. பிடிவாதம் என்றால் அப்படி ஒரு பிடிவாதம். எனக்கு அவள்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. அந்தப் பிள்ளை புத்தகப் பையோடு படுப்பதை நினைத்தால் அவளைக் கூப்பிட்டு நாலு அறை விடலாம் போலவும் இருந்தது.

இந்த இடத்தில் கைகூப்புகிற கதையையும் சொல்லிவிட வேண்டும். பூசையின் நடுவில், நற்கருணை வாங்குவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவியுங்கள் என்று பாதர் சொல்வார். முன்பெல்லாம் அதற்கு நாங்கள் கைகொடுத்தோம். மீள்குடியேறிய அடுத்த வருஷம் ஒரு இளம் பாதர் வந்தார். வந்ததும் வராததுமாக எல்லாவற்றையும் மாற்றினார். பீடத்துக்குப் பக்கத்தில் குத்துவிளக்கு, வாசலில் நிறைகுடம், பெரிய திருநாளில் ஆராத்தி. சமாதானத்துக்குக் கை கொடுக்க வேண்டாம், நெஞ்சுக்கு நேரே கைகூப்பித் தலையைத் தாழ்த்துங்கள் என்றார்.

எனக்குப் பிடிக்கவில்லை. "பாதர், இது சைவக்காரரின்ர வணக்கமெல்லோ?" என்று கேட்டேன்.

"மூப்பர், இது தமிழரின்ர வணக்கம். உங்கட பாட்டன் ஞானஸ்நானம் எடுக்கேக்க கையை வெட்டியா எறிஞ்சவர்?" என்று சிரித்தார்.

அவர் சிரித்துவிட்டுப் போய்விடுவார், பின்னால் வருவதைச் சமாளிப்பவன் நான்தானே. முதல் ஆராத்தியைப் பார்க்க வந்த சைவக்காரப் பெண்கள் வரிசையாக வந்து கற்பூரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "மூப்பர், திருநீறு எங்கை?" என்று என்னிடம் கை நீட்டினார்கள். என்ன செய்வது? வாசலில் இருந்த சந்தனத்தைக் கொடுத்து அனுப்பினேன். என் பெரியம்மா ஒருவர் ஆறு மாதம் கோயிலுக்கே வரவில்லை.

ஆனால் பழகிவிட்டது. முன்னால், பின்னால், இடம், வலம் என்று நாலு பக்கமும் திரும்பி காதில் ரீங்காரமிடும் நுளம்பை அடிக்கிற வேகத்தில் கூப்பிவிட்டு நிமிர்ந்துவிடுவோம். யாருக்குக் கூப்பினோம் என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. சைவக்காரர் அப்படியில்லை. பக்கத்து வீட்டுக்காரனை ஒழுங்கையில் கண்டால் "என்ன, எங்காலை?" என்று கேட்பதோடு சரி; கையெல்லாம் கூப்புவதில்லை. அவர்கள் கைகூப்பினால் சாமிக்குக் கூப்புவார்கள், பெரிய மனுஷருக்குக் கூப்புவார்கள், அதுவும் இல்லையென்றால் செய்த பிழைக்கு மன்னிப்பாகக் கூப்புவார்கள்.

ஆவணி இருபத்திரண்டில் சந்தியாப்பிள்ளை மாஸ்ரர் செத்துப்போனார். ஊர் முழுக்கக் கணக்குப் படித்தது அவரிடம்தான். துஷாந்தனுக்கும் அவர்தான் வாத்தியார். அதனால் அடுத்த நாள் அடக்கப் பூசைக்குக் கனகரத்தினத்தாரும் வந்தார். சைவக்காரர் வழக்கமாக வெளியே வேம்பு நிழலில் நிற்பார்கள். அன்று கூட்டம் தள்ளியதில் அவர் உள்ளே வந்து, கடைசி வரிசை இருக்கையான வாங்குக்குப் பின்னால் நின்றார். மேரிசெல்வி பூ மாலைகளை ஒழுங்கு பண்ணிவிட்டுப் பிந்தி வந்து அந்தக் கடைசி வாங்கில் இருந்தாள். பின்னால் நிற்பது யாரென்று அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். மணியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கச் சுவரோடு நின்ற எனக்கு இருவரும் நேரே தெரிந்தார்கள்.

சமாதானம் தெரிவியுங்கள் என்றார் பாதர். மேரிசெல்வி வலப்பக்கம் திரும்பிக் கூப்பினாள். இடப்பக்கம் கூப்பினாள். எனக்கும் ஒன்று போட்டாள். பிறகு பின்பக்கம் திரும்பினாள். கை கூப்பித் தலையும் தாழ்த்திவிட்ட பிறகுதான் கண் மேலே போனது.

அவளுடைய முகம் கறுத்துவிட்டது. கூப்பிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு சட்டென்று பீடத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டாள். அவள் திரும்பின பிறகுதான் கனகரத்தினத்தாரின் கை மேலே வந்தது. மெல்ல மெல்ல வந்து நெற்றியில் நின்றது. அந்தாளுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடியது. மாஸ்ரருக்காக அழுகிறார் என்று பக்கத்தில் நின்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

சேமக்காலையில் சவப்பெட்டியை இறக்கி மண் போட்டு முடிந்ததும் அவர் என்னைத் தேடி வந்தார்.

"மூப்பர், பாத்தனீங்களோ? மேரி என்னைக் கும்பிட்டவள்."

"ஓம், பாத்தனான்."

"எனக்குத்தானே?"

இதுதான் அந்த இடம். அது பூசையில் எல்லோரும் எல்லோருக்கும் செய்வது என்று சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். நான் சொல்லவில்லை. ஆவணி முப்பதுக்கு இன்னும் ஒரு கிழமை இருந்தது. டிலக்சனாவின் புத்தகப் பை ஞாபகம் வந்தது. "ஓம், உங்களுக்குத்தான்" என்றேன்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு விதானையார் கந்தோரைத் திறக்கும்போது, கனகரத்தினத்தார் அடையாள அட்டையோடு படியில் நின்றாராம். ஒரு கேள்வியும் இல்லாமல் கடிதத்தில் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். விதானையார் என்னைக் கூப்பிட்டு, "என்ன, மேரி மன்னிப்புக் கேட்டிட்டாளோ?" என்று கேட்டார். அதற்கும் ஓம் என்றேன். அதன் பிறகு கதை என் கையில் இல்லை.

மத்தியானம் மேரிசெல்வி கோயிலுக்கு வந்தாள். வந்த வேகத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது.

"மூப்பரையா! நா எப்ப அந்தாளக் கும்பிட்டேன்?"

"பூசையில கும்பிட்டனி, பிள்ளை. நான் கண்ணால பாத்தன்."

"அது சமாதானத்துக்கு! எல்லாருக்குந்தான் கும்பிட்டேன்! ஒங்களுக்குங்கூட கும்பிட்டேன். ஒங்ககிட்ட என்னாத்துக்கு மன்னிப்புக் கேட்டேனாம்?"

"அவருக்கு அது தெரியாது."

"நீங்க சொல்லலியா?"

நான் மணிக்கயிற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் அங்கே கிடந்த வாங்கில் தொப்பென்று இருந்துவிட்டாள். அவளிடம் கெஞ்சினேன். "முப்பதாம் திகதி வரைக்கும் வாயைப் பொத்திக்கொண்டிரு. பட்டியல் மேலுக்குப் போகட்டும். பிறகு என்னத்தையும் போய்ச் சொல்லு." பாதரும் அந்த நேரம் வந்து சேர்ந்தார். முழுக் கதையையும் கேட்டுவிட்டு, "எப்பிடி வந்தாலும் சமாதானம் நல்லதுதானே" என்றார். எனக்கே கோபம் வந்தது. இவருக்கென்ன, சமாதானம் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளில் ஏறி அடுத்த கோயிலுக்குப் போய்விடுவார்.

மேரிசெல்வி எழுந்து போனாள். நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. ஊர் சும்மா விடுமா? கூட்டுறவுக் கடையில், "கைகூப்பினா வீடு கிடைக்குமெண்டா நாங்களும் ரெண்டு கையையும் கூப்பிக்கொண்டு திரிவம்" என்று ஒருத்தி பகிடி விட்டாள். இன்னொருத்தி, "காலில விழுந்ததாமெல்லோ?" என்று கேட்டாள். வழக்கமான மேரிசெல்வி என்றால் அன்றைக்குக் கடைக்குள் பருப்பும் சீனியும் பறந்திருக்கும். இவள் சாமானை வாங்கிக்கொண்டு குனிந்த தலை நிமிராமல் போனாள். அதைப் பார்த்தபோதுதான் நான் செய்த வேலை எனக்கு உறைத்தது.

ஐந்தாம் நாள், ஆவணி இருபத்தெட்டு. சிறுபோக அறுவடை முடிந்த நேரம். கனகரத்தினத்தாரின் ட்ரக்டர் மேரிசெல்வியின் கொட்டிலடியில் நின்றது. அதை ஓட்டிவந்தவன் அரை மூட்டைப் புது நெல்லை இறக்கி வேலியோரம் வைத்து, "ஐயா குடுக்கச் சொன்னவர்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மனுஷன் அனுப்புவதற்கு வேறு சாமானே இல்லையா? ஒரு வாழைக்குலை அனுப்பியிருக்கலாம், இரண்டு தேங்காய் அனுப்பியிருக்கலாம். நெல்!

நான் அங்கே போய்ச் சேரும்போது அவள் அந்த மூட்டையைச் சைக்கிள் கரியரில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். டிலக்சனா வாசலில் நின்று தாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பிள்ளை, இன்னும் ரெண்டே ரெண்டு நாள். அவர் ஒரு சொல்லுச் சொன்னா விதானையார் பட்டியலில உன்ர பேரை வெட்டிப்போடுவார்."

"வெட்டட்டும். வாங்க மூப்பரையா, நீங்களும் வாங்க. பொய் சொன்னது நீங்க."

"வீடு போயிடும், மேரி."

"இந்த நெல்ல வாங்கி வச்சேன்னா எங்கம்மாவ நானும் வித்ததா ஆயிரும். எனக்கு வீடு வேணாம்."

வீடு வேண்டாம் என்று சொல்கிறவளின் குரல் இல்லை அது. மகளை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் போயிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். அவள் சைக்கிளைத் தள்ள, நான் பின்னால் போனேன்.

கனகரத்தினத்தார் முற்றத்தில் படங்கு விரித்து நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் அவருடைய முகம் மலர்ந்தது. "வா பிள்ளை, வாங்கோ மூப்பர்" என்றார். பிறகுதான் கரியரில் இருந்த மூட்டையைக் கண்டார்.

மேரிசெல்வி சைக்கிளைப் பிடித்தபடியே சொன்னாள். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தாள் போல. ஒரு சொல்கூடத் தடுமாறவில்லை.

"ஐயா, அண்டைக்குக் கோயில்ல நான் கும்பிட்டது நீங்களெண்டு தெரிஞ்சு கும்பிட்டதில்ல. அது நாங்கள் ஒவ்வொரு பூசையிலயும் செய்யிறது. எல்லாரும் எல்லாருக்கும் செய்யிறம். பின்னால ஒரு ஆடு நிண்டிருந்தாலும் கும்பிட்டிருப்பன். நான் மன்னிப்புக் கேக்கேல்ல. கேட்டனெண்டு நினைச்சுத்தான் நீங்கள் கையெழுத்து வைச்சீங்களெண்டா, அதை வெட்டுங்கோ. இன்னும் ரெண்டு நாள் கிடக்கு."

கனகரத்தினத்தார் என்னைப் பார்த்தார்.

"மூப்பர், நீங்கள் ஓமெண்டு சொன்னீங்கள்."

"சொன்னனான். பிழைதான். அவளில பிழையில்லை."

அவர் காலால் நெல்லைக் கிளறினார். கிளறினதையே திரும்பத் திரும்பக் கிளறினார். "சரி. அவள் எனக்கெண்டு கும்பிடேல்ல" என்றார் கடைசியில். "ஆனா நான் அவளுக்கெண்டுதான் கும்பிட்டனான்."

மேரிசெல்விக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை.

"உங்கட பூசையில என்ன செய்யிறதெண்டு எனக்கென்ன தெரியும்? நீ திரும்பிக் கையெடுத்தாய். எனக்கும் கை வந்திட்டுது. அஞ்சு வருஷமா வராத கை. நான் கும்பிட்டது உனக்கு மன்னிப்புக் குடுக்கிறதுக்கில்லைப் பிள்ளை, உன்னட்டைக் கேக்கிறதுக்கு."

அவரே தொடர்ந்தார்.

"அண்டைக்குப் பெட்டியில இருவத்திரண்டு மூட்டை. மூண்டை இறக்கியிருந்தா செல்லாயி அக்கா காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்திருப்பா. அந்த நெல்லில பதினெட்டு மூட்டையை விசுவமடுவில றோட்டில விட்டிட்டுத்தான் ஓடினனாங்கள். ஒருத்தரும் தின்னேல்ல."

செல்லாயி அவர் வயலில் முப்பது வருஷம் வேலை செய்தவர். செல்லாயி, இஞ்சை வா, செல்லாயி, அங்கை போ என்றுதான் எந்நாளும் கேட்டிருக்கிறேன். அவர் வாயால் அக்கா என்று வந்தது எனக்குத் தெரிய அதுதான் முதல் தடவை.

மேரிசெல்வி அழத் தொடங்கினாள். தாயைப் புதைத்த அன்றுகூட அவள் அழுது நான் பார்த்ததில்லை. அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது.

"இத வாயால சொல்றதுக்கு அஞ்சு வருஷமா? அப்பறம் என்னாத்துக்கு என்னய மன்னிப்பு கேக்கச் சொன்னீங்க? கடுதாசிய வச்சிக்கிட்டு எம்புள்ளய மழையில போட்டீங்களே!"

"காணி உன்ரதான். அதை நான் வெட்டேல்ல, வெட்டவும் மாட்டன். நான் கேட்டது எனக்காக இல்லை." கனகரத்தினத்தார் குசினிப் பக்கம் கையைக் காட்டினார். "அந்தப் பேச்சை நீ உன்ர வாயால எடுத்தா இவள் நித்திரை கொள்ளுவாள் எண்டு நினைச்சன். பிள்ளை செத்த நாளில இருந்து இவளுக்கு நித்திரை இல்லை."

குசினி வாசலில் சிவலட்சுமி நின்றார். எப்போது வந்தாரோ தெரியாது. இடுப்பில் செருகிய சேலைத் தலைப்பைக்கூட எடுத்துவிடவில்லை. ஐந்து வருஷத்தில் அவரை இவ்வளவு கிட்டத்தில் மேரிசெல்வி பார்த்ததில்லை. மனுஷி எலும்பும் தோலுமாக இருந்தார்.

மேரிசெல்வி முகத்தைத் தோளில் துடைத்தாள். கை கூப்பவில்லை, கை இரண்டும் சைக்கிளைப் பிடித்திருந்தன.

"அக்கா, நான் அண்டைக்கு மண் தூத்தினது ஐயாவுக்கு. துஷாந்தன் தம்பிக்கில்ல. என்ர டிலக்சனாவை முதுகில ஏத்திக்கொண்டு குளத்தடியெல்லாம் திரிஞ்ச பிள்ளை அவன். அவன் சாகவேணுமெண்டு நான் சொல்லுவனோ? அம்மா போன கொதியில வாய்க்கு வந்ததைச் சொன்னன். சொல்லியிருக்கக் கூடாது. அந்தப் பேச்சை நான் எடுக்கிறன், அக்கா. அது உங்கட பிள்ளையில இல்லை."

சிவலட்சுமி கதவு நிலையைப் பிடித்தபடி மெல்ல வாசற்படியில் இருந்தார்.

"இன்னொருக்காச் சொல்லு, மேரி" என்றார்.

மேரிசெல்வி சைக்கிளை என்னிடம் தந்துவிட்டு, போய் அவருக்குப் பக்கத்தில் இருந்து, இன்னொருக்காச் சொன்னாள்.